அந்த வீட்டில் யார் சமைத்தார்கள்?

1

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் மகளிர் தின விழாவில் கவிதை வாசிக்க அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய சிறப்பு விருந்தினர் ஒரு கதை சொன்னார்.

சிகாகோ நகரத்தில் ஒரு பெண் மருத்துவர். பெயர் ஜேனட் ரௌலி. நான்கு ஆண் பிள்ளைகளுக்குத் தாய். வாரத்தில் மூன்று நாள்தான் ஆய்வகம் போவார். மற்ற நாட்களில் வீடு, பிள்ளைகள், சமையல். ஆய்வகத்தில் எடுத்த குரோமோசோம் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஜோடி சேர்த்துப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அப்படி வெட்டி அடுக்கியபோதுதான் ரத்தப் புற்றுநோயின் ரகசியம் அவர் கண்ணில் பட்டது. "பார்த்தீர்களா மாணவிகளே, வீட்டையும் விடவில்லை, அறிவியலையும் விடவில்லை. சாப்பாட்டு மேசையே அவருக்கு ஆய்வகம். மனமிருந்தால் மார்க்கம் உண்டு" என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

விழா முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதுகலை வேதியியல் படிக்கும் ஒரு மாணவி பக்கத்தில் வந்து நின்றாள். தயங்கிவிட்டுக் கேட்டாள்: "மேடம், அந்தம்மா வீட்ல யாரு மேடம் சமைச்சாங்க?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதே மாதத்தில் நிச்சயதார்த்தமும் முடிந்திருந்தது. "படிக்க வேணாம்னு யாரும் சொல்லல மேடம். வீட்ல இருந்துக்கிட்டே ஏதாவது பண்ணிக்கலாமேன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க. இப்ப இந்தக் கதையையும் கேட்டா, நாங்க சொன்னதுதானேன்னு சொல்வாங்க" என்றாள்.

அன்று அவளுக்கு நான் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. "தைரியமா இரும்மா" என்பதுபோல ஏதோ சொன்னேன். எழுத்தையும் பேச்சையும் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் சொல்லக்கூடிய மிகச் சோம்பலான பதில் அது. அவள் கேட்டதோ ஒரு நல்ல விமர்சகர் கேட்கிற கேள்வி. எந்தக் கதையையும் வாசிக்கும்போது அதில் யாருடைய உழைப்பு கண்ணுக்குப் படாமல் இருக்கிறது என்று பார் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேடையில் அந்தக் கதையைக் கேட்டபோது நானே அதை மறந்துவிட்டேன். அந்தக் கேள்வியோடு ரௌலியின் வாழ்க்கைக் கதையைத் திரும்ப வாசிக்கும் முயற்சி இது.

2

முதலில் அந்த மேசையில் நடந்தது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். மேடைக் கதையில் அது ஒரு வரிதான். ஆனால் முழுக் கதையின் உயிரும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

1960இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஊரின் பெயரே அதற்குப் பெயராயிற்று: பிலடெல்ஃபியா குரோமோசோம். அதிலிருந்து ஒரு துண்டு ஒடிந்து தொலைந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். தொலைந்ததனால் நோய் வந்ததா, நோய் வந்ததனால் தொலைந்ததா என்பது விளங்கவில்லை. புற்றுநோய் முற்றும்போது குரோமோசோம்கள் சிதைவது இயல்பு, அதற்குப் பெரிய பொருள் கிடையாது என்பதே அன்றைய பொதுக் கருத்து.

குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி, ஒவ்வொன்றிலும் பட்டை பட்டையாகத் தெரியும் கோடுகளைக் கொண்டு அடையாளம் காணும் முறை 1970ஐ ஒட்டி வந்தது. அதுவரை அளவையும் வடிவத்தையும் வைத்துத்தான் குரோமோசோம்களைப் பிரித்தறிந்தார்கள். இந்தப் புதிய முறையை ரௌலி ஆக்ஸ்ஃபோர்டில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். பிறகு, ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த நோயாளிகளின் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். 22ஆம் குரோமோசோமில் குறைந்திருந்த அளவுக்கு 9ஆம் குரோமோசோமின் நுனி நீண்டிருந்தது. அடுத்த நோயாளியிடமும் அப்படியே. அதற்கடுத்தவரிடமும் அப்படியே. துண்டு தொலையவில்லை, இன்னொரு குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது புரிந்தது. 1973 ஜூனில் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. அதற்குச் சற்று முன்பே வேறொரு வகை லுக்கீமியாவில் 8க்கும் 21க்கும் இடையே இதேபோன்ற இடமாற்றத்தையும் அவர் கண்டிருந்தார். 1977இல் மூன்றாவதாக ஒன்றை, 15க்கும் 17க்கும் இடையே, அவரும் அவரது குழுவினரும் காட்டினார்கள்.

இந்த இடமாற்றம் ஏன் முக்கியம்? நம் எலும்பு மஜ்ஜையில் ரத்தக் குருத்தணுக்கள் இருக்கின்றன. நாளிதழ்கள் ஸ்டெம் செல் என்று எழுதுவது இவற்றைத்தான். குருத்து என்பது தமிழுக்கு வாழையிலிருந்தும் பனையிலிருந்தும் வந்த சொல். இங்கும் அது பொருந்துகிறது. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாம் இந்தக் குருத்திலிருந்து பிரிந்து வளர்பவை. இடமாற்றம் இப்படியொரு குருத்தணுவில் நடந்துவிட்டால் அதன் சந்ததி முழுக்க அதைச் சுமக்கும். 9ஆம் குரோமோசோமின் மரபணு ஒன்றும் 22ஆம் குரோமோசோமின் மரபணு ஒன்றும் ஒட்டிப்போய், இயல்பில் இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன என்பது 1980களில் தெரிந்தது. உயிரணுவை ஓயாமல் 'பெருகு, பெருகு' என்று விரட்டுவது அந்தப் புரதம். அதை மட்டும் தடுக்கிற மாத்திரையாக இமாட்டினிப் வந்தது. 2001இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

ஆக, அந்த மேசையில் நடந்தது பொழுதுபோக்கும் இல்லை, திடீர் அதிர்ஷ்டமும் இல்லை. பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளும் கடல் கடந்து போய்க் கற்ற நுட்பமும் அந்த வேலைக்குப் பின்னால் இருந்தன. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை கைகூடவும் ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. மேடைக் கதையில் மேசை மட்டும் மிஞ்சுகிறது.

3

ரௌலி 1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் 19 வயதிலேயே இடம் கேட்கும் தகுதி பெற்றிருந்தார். ஆனால் 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு 3 இடம்தான். அந்த மூன்றும் நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதம் காத்திருந்தார். 1948இல் பட்டம் பெற்றார். மறுநாள் திருமணம். கணவர் டொனால்ட் ரௌலியும் மருத்துவர். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

அதன் பிறகு பல ஆண்டுகள் பகுதிநேர வேலைதான். அதில் முக்கியமானது, டவுன் சிண்ட்ரோம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுகள் கொண்ட குழந்தைகளுக்கான மருத்துவ நிலையத்தில் செய்த பணி. 1961இல் கணவர் ஆராய்ச்சி விடுப்பில் ஆக்ஸ்ஃபோர்டு சென்றபோது இவரும் போனார். சும்மா இருக்க வேண்டாம் என்று லாஸ்லோ லாய்தாவின் ஆய்வகத்தில் சேர்ந்து குரோமோசோம் வேலை பழகினார். இளம் ஆய்வாளருக்குரிய முறையான தொடக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. கணவரின் விடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்த வாய்ப்பு அது. வந்ததை அவர் இறுகப் பற்றிக்கொண்டார்.

1962இல் சிகாகோ திரும்பியதும் ரத்தவியல் பேராசிரியர் லியோன் ஜேக்கப்சனிடம் போய்க் கேட்டார். ஒரு நுண்ணோக்கி வேண்டும், படம் கழுவ ஓர் இருட்டறை வேண்டும், பகுதிநேரமாக வேலை செய்ய அனுமதி வேண்டும். கூடவே சம்பளமும் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கிற அளவுக்காவது வேண்டும். இதைப் பின்னாளில் ரௌலியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜேக்கப்சன் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு 5000 டாலர்.

இந்த ஜேக்கப்சன் யார் என்பதும் கதைக்குத் தேவை. எலிகளின் மண்ணீரலை ஈயத்தால் மூடிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால், சாக வேண்டிய எலிகள் பிழைக்கின்றன என்று 1949இல் காட்டியவர். ரத்தத்தைப் புதுப்பிக்கும் ஏதோ ஒன்று அந்த மண்ணீரலில் மிஞ்சியிருக்கிறது என்பது அதன் பொருள். பிற்பாடு அது உயிரணுக்கள்தான் என்று தெரிந்தது. 1961இல் டொரண்டோவில் டில், மெக்கல்லோக் இருவரும் ரத்தக் குருத்தணுக்களின் இருப்பைச் சோதனையால் நிறுவினார்கள். அந்த ஆய்வுத் துறையின் முன்வாசலில் நின்ற ஒருவர், பெயர் பெறாத ஒரு பகுதிநேரப் பெண் மருத்துவரை நம்பி இடம் கொடுத்தார். அவர் மறுத்திருந்தால்? இந்த வாழ்க்கை முழுதும் ஒரு நல்ல மனிதரின் சம்மதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அமைப்பு தந்த உரிமை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

மேடைக் கதை இந்த உரையாடலை விட்டுவிடுகிறது. எனக்கோ மொத்தக் கதையிலும் மிக முக்கியமான இடம் இதுதான் என்று படுகிறது. ரௌலி தன் ஆய்வுக்கான கருவிப் பட்டியலில் நுண்ணோக்கிக்கும் இருட்டறைக்கும் பக்கத்திலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளையும் சேர்த்தார். அவருக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. இன்னொருவரின் உழைப்பு இல்லாமல் தன்னால் நுண்ணோக்கிக்கு முன் உட்கார முடியாது. அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி ஆய்வுச் செலவின் ஒரு பகுதி. இரவல் வாங்கிய கோட்பாடு எதுவும் இல்லாமலே ஒரு பெண் தன் துறைத் தலைவரிடம் சொன்ன பெண்ணியப் பொருளாதாரம் இது. மாணவியின் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது: அந்த வீட்டில் சம்பளத்துக்கு ஆள் இருந்தார். அந்த ஆளின் பெயர் எந்த மேடையிலும் ஒலிப்பதில்லை.

இளைய மகனுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை ரௌலி பகுதிநேரமாகவே வேலை செய்தார். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கும் பதவிக்கும்தான். சாப்பாட்டு மேசை நேரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கில் எழுதியதில்லை. வீட்டிலிருந்து செய்த வேலையை வேலையாகவே கருதாத நிறுவனம் அந்த வேலையின் பலனை முழுதாகப் பெற்றுக்கொண்டது. அவர் முழுப் பேராசிரியர் ஆனது 1977இல், மூன்று இடமாற்றங்களையும் கண்டுகாட்டிய பிறகு. வயது 52.

4

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். பெண் அறிவியலாளரைப் பற்றிப் பேசும்போது வீட்டையும் பிள்ளைகளையும் இழுப்பதே தவறல்லவா? ஆண்களைப் பற்றி அப்படிப் பேசுகிறோமா?

2013 மார்ச்சில் ராக்கெட் பொறியாளர் இவான் பிரில் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் எழுதிய அஞ்சலிக் குறிப்பு, அவர் வைக்கும் இறைச்சிக் குழம்பின் சுவையைச் சொல்லித்தான் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வரியை மாற்றினார்கள். அதே மாதத்தில் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர்களிடையே 'ஃபின்க்பைனர் சோதனை' என்ற ஒன்று பேசப்பட்டது. ஆன் ஃபின்க்பைனர் என்ற எழுத்தாளர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அதற்கு அடிப்படை. பெண் அறிவியலாளரைப் பற்றி எழுதும்போது அவர் பெண் என்பது, கணவரின் வேலை, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது, 'முதல் பெண்' என்ற அடைமொழி, மற்றப் பெண்களுக்கு முன்மாதிரி என்ற பாராட்டு, இப்படிச் சிலவற்றைத் தொடக்கூடாது. அறிவியலை மட்டும் எழுத வேண்டும்.

இந்தச் சோதனையின் கோபம் எனக்குப் புரிகிறது. கவிதை நூல் வெளியீடுகளில், "குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு எப்படி எழுதுகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் கவிஞருக்கும் இரண்டு பிள்ளைகள்தான். அவரிடம் படிமம் பற்றிக் கேட்பார்கள்.

ஆனால் ரௌலியின் கதைக்கு இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்? குரோமோசோம் 9, குரோமோசோம் 22, நேச்சர் இதழ், 1998இல் லாஸ்கர் விருது, 2009இல் ஒபாமா அணிவித்த சுதந்திரப் பதக்கம். சாப்பாட்டு மேசை போய்விடும், நல்லது. கூடவே 65 பேரில் 3 இடம் என்ற விதியும் போய்விடும். காத்திருந்த ஒன்பது மாதம், 5000 டாலர் சம்பளம், குழந்தையைப் பார்த்துக்கொண்டவரின் கூலி எல்லாம் போய்விடும். வழி எப்போதும் சமதளமாக இருந்தது என்றும், அவர் சற்றுத் தாமதமாக நடந்து வந்தார் என்றும் வாசிப்பவர் நினைத்துக்கொள்வார்.

ஒரு பக்கம் எல்லாவற்றையும் தாய்மையின் சாதனையாக ஆக்கும் மேடைக் கதை. இன்னொரு பக்கம் வீட்டைப் பற்றிய பேச்சையே துடைத்துவிடும் சுத்தமான கதை. இரண்டிலும் நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது. முதலாவதில் பெண்ணின் திறமை நிறுவனத்தின் குறையை மூடுகிறது. இரண்டாவதில் குறை இருந்த தடமே இல்லை. வீட்டைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வரவு செலவோடு சொல்ல வேண்டும்: யார் எத்தனை மணி நேரம் உழைத்தார், யாருக்கு எவ்வளவு கூலி, யார் பெயர் பதிவானது, யாருக்கு என்ன வசதி இருந்தது.

வசதி என்று வரும்போது ரௌலியையும் அந்தக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது. படித்த குடும்பத்தில் பிறந்த வெள்ளையினப் பெண். ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கணவர். இரண்டு முறை ஆக்ஸ்ஃபோர்டு போய்வரும் வாய்ப்பு. பிள்ளைகளோடு இருந்த நாட்களை அவர் ஒருபோதும் இழப்பாகச் சொன்னதில்லை, தான் விரும்பி எடுத்த முடிவு என்றே சொன்னார். அதிர்ஷ்டம் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அவர் விருப்பத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராக எழுதினால் அதுவும் பொய்தான். ஆனால் ஒருவருக்கு அமைந்த அதிர்ஷ்டத்தை இன்னொரு பெண்ணுக்கு அறிவுரையாகக் கொடுக்க முடியாது. வேதியியல் மாணவிக்கு ஜேக்கப்சன் எங்கே? ஐயாயிரம் டாலர் எங்கே?

5

துண்டு தொலையவில்லை, வேறொன்றில் ஒட்டியிருக்கிறது என்ற ரௌலியின் கண்டுபிடிப்பை, பெண்களின் அறிவியல் வரலாற்றை வாசிக்கும் முறையாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அவரைக் குரோமோசோம்களின் பக்கம் திருப்பிய நிகழ்விலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

1959இல், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 46க்குப் பதிலாக 47 குரோமோசோம்கள் இருக்கின்றன என்று பாரிஸிலிருந்து செய்தி வந்தது. அத்தகைய குழந்தைகளோடு வேலை செய்துகொண்டிருந்த ரௌலிக்குக் குரோமோசோம்களின் மீது ஆர்வம் வந்தது அதனால்தான். நெடுங்காலம் அந்தக் கண்டுபிடிப்பு ஜெரோம் லெஜூனின் பெயரில் மட்டும் பேசப்பட்டது. ஆனால் பாரிஸ் மருத்துவமனையில் உயிரணு வளர்ப்பு ஆய்வகத்தை ஏறத்தாழ வெறுங்கையோடு அமைத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். பாஸ்டனில் அந்த நுட்பத்தைக் கற்று வந்தவர். உயிரணுவை வளர்க்கும் கரைசலுக்கு ஒரு சேவலை வளர்த்தார், சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார். 47ஐக் கண்டதும் அவர் ஆய்வகத்தில்தான். படமெடுக்கும் நுண்ணோக்கி அங்கே இல்லை. படமெடுத்துத் தருவதாகச் சொல்லி லெஜூன் கண்ணாடித் தகடுகளை எடுத்துச் சென்றார். கட்டுரையில் முதல் பெயராக லெஜூன் வந்தார். 2014இல் கோத்தியே 88 வயதில் தன் தரப்பைச் சொல்ல இருந்த மாநாட்டுக்கு, லெஜூன் பெயரிலான அறக்கட்டளை பேச்சைப் பதிவு செய்ய நீதிமன்ற அனுமதியோடு ஆட்களை அனுப்பியது. அமைப்பாளர்கள் அவர் உரையையே ரத்து செய்தார்கள். அதே ஆண்டில் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறநெறிக் குழு, கண்டுபிடிப்பின் தொடக்கத்தில் லெஜூனின் பங்கு முதன்மையாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று கருத்துச் சொன்னது.

கோத்தியேவும் ரௌலியைப் போல 1925இல் பிறந்தவர். அதே ஆண்டில் பிறந்த மூன்றாவது பெண்ணும் இந்தக் கதைக்குள் வருகிறார்: மேரி லயன். அவர் கேம்பிரிட்ஜில் படித்தபோது பெண்களுக்கு முழுப் பட்டம் கிடையாது, பெயரளவுப் பட்டம்தான். பெண்ணுடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று உறங்கிவிடும் என்று 1961இல் சொன்னவர் அவர். எது உறங்கும் என்பது உயிரணுவுக்கு உயிரணு மாறும். அதனால் பெண்ணுடல் இரண்டு வகை உயிரணுக்கள் கலந்து நெய்த துணி.

1967இல் ஃபிலிப் ஃபியால்கோவும் சக ஆய்வாளர்களும் இதைக் கொண்டே ரத்தப் புற்றுநோயின் மூலத்தைத் தேடினார்கள். ஜி6பிடி என்ற நொதியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த நொதியின் இரு வகைகளையும் கொண்ட பெண்களின் தோலில் இரண்டும் தென்படும். அவர்களுக்கு நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா வந்தபோதோ, நோயுற்ற வெள்ளணுக்களில் ஒரு வகை மட்டும் இருந்தது. சிவப்பணுக்களிலும் அதே ஒரு வகைதான். அப்படியானால் நோய் ஒரே ஓர் உயிரணுவில் தொடங்கியிருக்கிறது. அதுவும் சிவப்பணுவுக்கும் வெள்ளணுவுக்கும் பொது மூதாயான ஒரு குருத்தணுவில். ஆணுக்கு ஓர் எக்ஸ்தான் என்பதால் இந்தச் சான்றை ஆணின் ரத்தம் தந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பில் மனித இனத்தைக் குறிக்க வந்த சொல், ஆணைக் குறிக்கும் அதே சொல்தான். அறிவியல் வழக்கு அப்படி என்பார்கள். நான் தமிழ் படித்தவள். வழக்குக்கும் வரலாறு உண்டு என்று எனக்குத் தெரியும்.

6

என் சித்திக்கு 43 வயதில் இதே நோய் வந்தது. தென்காசிப் பக்கம் ஊர். களைப்பாக இருக்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை செய்தால் களைப்பு வரத்தானே செய்யும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். மண்ணீரல் வீங்கி வயிறு கனத்த பிறகுதான் ரத்தப் பரிசோதனை. அன்றிலிருந்து தினமும் ஒரு இமாட்டினிப் மாத்திரை. கண்ணைச் சுற்றி வீக்கம் வரும், இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். ஆனால் இருக்கிறார், நடமாடுகிறார். மாத்திரை நோயுற்ற சந்ததியை அடக்கிவிடுகிறது. உறங்கிக் கிடக்கும் குருத்தணுக்கள் பலவற்றை அதனால் அழிக்க முடிவதில்லை. அதனால் பெரும்பாலோர் மாத்திரையைத் தொடரத்தான் வேண்டும்.

மாதாமாதம் இதை அவரால் வாங்க முடிகிறதென்றால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். தெரிந்த மருந்தின் புதுவடிவம் கூடுதல் பலன் தந்தாலொழிய காப்புரிமை இல்லை என்கிற சட்டப்பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கு 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அந்நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தபோது, இந்திய நிறுவனங்களின் மாத்திரை 10 ஆயிரத்துக்குள் கிடைத்தது. ஒரு வீட்டில் யாருக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று முடிவெடுக்கும்போது பெண்ணின் முறை எப்போது வரும் என்பது நமக்குத் தெரியும். விலை இறங்காமல் இருந்திருந்தால் சித்தியே, "எனக்கு எதுக்குப்பா இவ்வளவு செலவு" என்று சொல்லியிருப்பார்.

ஒருமுறை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதக் கண்டுபிடிச்ச மகராசன் நல்லா இருக்கணும்" என்றார். "மகராசியும் உண்டு சித்தி" என்றேன். மாத்திரையைச் செய்தது வேறு சிலர்தான், ஆனால் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது ஒரு பெண் என்று விளக்கினேன். மேசை, கத்தரிக்கோல், நான்கு பிள்ளைகள் எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அவுகளுக்கு ஒத்தாசைக்கு ஆளு இருந்துச்சா?" என்றார். முதுகலை மாணவியும் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட சித்தியும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

சித்தி எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டுப் பழகியவர். இந்த மாத்திரையை உணவோடு, நிறையத் தண்ணீர் குடித்து, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் இரவு எட்டு மணிக்குத் தட்டெடுத்து உட்கார்ந்துவிடுகிறார். அந்த வீட்டில் நோய் வந்துதான் ஒரு பெண் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள்.

7

ரௌலி 2013 டிசம்பர் 17 அன்று கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன்பே, ஜார்ஜ் புஷ் அமைத்த உயிரியல் அறநெறிக் குழுவில் உறுப்பினராக இருந்துகொண்டே, கருமுளைக் குருத்தணு ஆய்வுக்கு விதித்த தடைகளை வெளிப்படையாக எதிர்த்தார். எலிசபெத் பிளாக்பர்னோடு சேர்ந்து அந்தக் குழுவின் அறிக்கைகளையே விமர்சித்து 2004இல் எழுதினார். மகளிர் தின மேடைகளில் இந்த ரௌலி வருவதில்லை. அடக்கமாகக் காகிதம் வெட்டும் அம்மாவை வைத்துக்கொண்டு, அதிகாரத்தின் மேசையில் உட்கார்ந்து மறுத்துப் பேசிய அறிஞரை விட்டுவிடுகிறோம்.

இப்போதெல்லாம் என் வகுப்பில், தன்வரலாறும் வாழ்க்கை வரலாறும் பாடம் நடத்தும்போது, இந்தக் கதையைச் சொல்கிறேன். மூன்று இடம், ஒன்பது மாதம், ஐயாயிரம் டாலர், குழந்தை பார்த்துக்கொண்டவரின் கூலி, எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் மேசைக்கு வருகிறேன். பிறகு மாணவிகளிடம் ஒரு பயிற்சி தருவேன். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் படித்தார், வேலைக்குப் போனார், பேர் எடுத்தார் என்றால், அந்தக் காலத்தில் அந்த வீட்டில் சமைத்தவர் யார், அவர் பெயர் என்ன, அவர் என்ன படிக்க ஆசைப்பட்டார் என்று கேட்டு எழுதி வாருங்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் அத்தையைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதி வந்தாள். அண்ணன் பொறியியல் படிப்பதற்காகப் பத்தாம் வகுப்போடு நின்ற அத்தை. அவர் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்த மதிப்பெண் சான்றிதழ் அண்ணன் வீட்டு பீரோவில், அண்ணனின் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்ததாம்.

அன்று தேநீர்க் கோப்பையோடு நின்ற வேதியியல் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அந்த வீட்டில் சம்பளத்துக்கு ஒருவர் இருந்தார் அம்மா. அந்தச் சம்பளத்தை அந்த விஞ்ஞானி தன் ஆய்வுக்கான செலவாகக் கேட்டு வாங்கினார். மாப்பிள்ளை வீட்டில் அந்தக் கதையைச் சொன்னால், இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்.